திடல் செடிகளின் விதை எங்கே போகிறது? பினாங்கில் பார்த்துச் சோதிக்க ஒரு வழிகாட்டி

காற்று, நீர், விலங்கு, வெடித்தல் என்று நான்கு தலைப்பில் விதை பரவுவதைப் பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம். திடலில் இறங்கிப் பார்த்தால் அந்த நான்கும் அவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து நிற்பதில்லை. பஞ்சு கட்டிய விதை தாய்ச்செடியின் காலடியிலேயே விழுந்து கிடக்கும். பஞ்சும் இல்லாமல் கொக்கியும் இல்லாமல் மொட்டையாக இருக்கும் விதை, ஒரு தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதியிலிருந்து) அடுத்த தாமானுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். விதையின் வடிவத்தைப் பார்த்து நாம் சொல்வது ஊகம்தான். அதைச் சோதித்துப் பார்க்கும் வழிகள் இங்கே. புதிதாகத் தொடங்குபவர் ஒரு முற்பகலில் பாதியை முடித்துவிடலாம், மீதிக்கு வீட்டில் ஒரு மாதம் தட்டு வைத்துக் காத்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஐரோப்பியப் புத்தகங்களில் வரும் பூத்துக் குலுங்கும் வைக்கோல் புல்வெளி நம்மிடம் இல்லை. இந்தத் தீவை விட்டுவைத்தால் காடாகிவிடும். புல்வெளி என்று நமக்கு இருப்பதெல்லாம் யாரோ விடாமல் வெட்டிக்கொண்டிருக்கும் இடம்: திடல், சாலையோரம், வீடு கட்டாமல் கிடக்கும் மனை, பாலிக் புலாவ் வயல் வரப்பு. அங்கே முளைப்பவற்றில் பாதி வந்தேறிகள். தொட்டாற்சிணுங்கி, வெட்டுக்காயப் பூண்டு, டர்னெரா எல்லாம் வெப்ப மண்டல அமெரிக்காவைச் சேர்ந்தவை. விதை பரப்பும் திறமை இல்லாமல் அவை இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைக்கத் தோன்றும். அவற்றைக் கடல் கடக்க வைத்தது பெரும்பாலும் மனிதன்தான்.

இடம், நேரம்

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் தோது. தைப்பூசத்தை ஒட்டிய அந்த வறட்சியில் காய்கள் ஒழுங்காகக் காயும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள மழையில் பஞ்சு நனைந்து ஒட்டிக்கொள்ளும், வெடிக்கும் காய்கள் நீங்கள் போவதற்கு முன்பே வெடித்து முடிந்திருக்கும். எந்த மாதமானாலும் காலை பத்து மணிக்கு முன் போகாதீர்கள். பனி காயாத புல்லில் செய்யும் காற்றுச் சோதனை எதுவும் தேறாது.

அதைவிட முக்கியமானது புல் வெட்டும் நாள். வெட்டி இரண்டே நாளான திடலில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வெட்டுபவரிடமே "அண்ணே, அடுத்து எப்ப வெட்டுவீங்க?" என்று கேட்டு, அதற்கு முந்தைய நாளாகப் பார்த்துப் போங்கள். திடலின் நடுப்பகுதி வேண்டாம். வேலிக் கம்பியின் அடி, சாக்கடை ஓரம், கோல் கம்பத்தின் பின்புறம் என்று இயந்திரம் எட்டாத ஓரங்களில்தான் காய் முற்றும் வரை செடி நிற்கும்.

தாவரவியல் பூங்காவும் தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவும் பார்ப்பதற்கு மட்டும். அனுமதியில்லாமல் அங்கே ஒரு காயைக்கூடப் பறிக்கக் கூடாது. தனியார் மனை என்றால் கேட்டுவிட்டு நுழையுங்கள். முழங்காலுக்கு மேல் வளர்ந்த லாலாங் புல்லில் நாகம் படுத்திருக்கலாம். கணுக்காலை மூடும் காலணி போட்டு, கையில் ஒரு குச்சியோடு, முன்னால் தட்டிக்கொண்டே நடங்கள். தேங்கிய நீரும் எலி நடமாட்டமும் உள்ள சாக்கடையோரத்தில் காலில் புண்ணோடு இறங்குவது எலிச்சிறுநீர்க் காய்ச்சலை வலிய அழைப்பது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

எல்லாம் பல்பொருள் கடையிலேயே கிடைக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, நுனி கூரான இடுக்கி, 15 செ.மீ. அளவுகோல், அளவு நாடா, இருபது காகித உறைகள், பென்சில், வெள்ளைப் பழம்புடவை அல்லது மெத்தை விரிப்பு ஒன்று, பழைய பூத்துவாலை ஒன்று, ஒரு சிறு போத்தல் தண்ணீர். நேரம் பார்க்கக் கைப்பேசி போதும். விதையைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் மறுநாளே பூசணம் பிடித்துவிடும். பேனாவும் வேண்டாம், உறை நனைந்தால் மை கரையும். உறையில் இடம், தேதி, செடியின் உயரம் மூன்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். செடியின் உயரம் எதற்கென்று காற்றுச் சோதனையில் தெரியும்.

துவாலை நடை

பூத்துவாலையை முழங்காலுக்குக் கீழே இரு காலிலும் சுற்றி, நாடாவால் கட்டிக்கொண்டு ஓரப் புல்லில் இருபது அடி நடங்கள். அவிழ்த்து வெள்ளைத் துணியில் விரித்தால் அரை மணி நேரத்துக்குப் பார்க்கச் சரக்கு இருக்கும்.

அதிகம் ஒட்டியிருப்பது கெமுன்சுப் புல்லாகத்தான் இருக்கும். வெட்டி வெட்டித் தரையோடு படிந்த திடல்களில் ஊதா நிறக் கதிரோடு ஒரு சாண் உயரத்தில் எழும் ஒட்டுப்புல் அது. ஒரு விதையை இடுக்கியால் எடுத்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். அடிப்பக்கம் ஊசி முனை. அந்த முனையைச் சுற்றி மேல்நோக்கிச் சாய்ந்த நுண்ணிய விறைத்த மயிர். துணிக்குள் முன்னால் போகும்போது மயிர் படுத்துக்கொள்கிறது, பின்னால் இழுத்தால் விரிந்து நூலைப் பிடிக்கிறது. நடக்க நடக்கத் துணி அசைகிறது, ஒவ்வோர் அசைவிலும் விதை ஒரு படி உள்ளே போகிறது. அதனால்தான் காலுறையில் ஏறிய கெமுன்சுப் கொஞ்ச நேரத்தில் தோலைக் குத்துகிறது. வெளியே பிடித்து இழுத்தால் முறிந்து முனை உள்ளேயே தங்கும். துணியின் மறுபுறத்துக்குத் தள்ளி, முனையைப் பிடித்து உருவுங்கள்.

தொட்டாற்சிணுங்கியின் பிடி வேறு மாதிரி. காய் ஒன்றரை செ.மீ. நீளம் இருக்கும், தட்டை, மூன்று முதல் ஐந்து கண்ணி. கண்ணிகளின் ஓரம் முழுக்க முள்மயிர். காய் வெடிக்காது, கண்ணி கண்ணியாகக் கழன்று ஒவ்வொன்றும் ஒரு விதையோடு போகும். எல்லாம் போன பிறகு வெறும் சட்டம் மட்டும் செடியில் நிற்கும், படம் கழன்ற கண்ணாடிச் சட்டம்போல. துவாலையில் கண்ணிகளும் செடியில் காலிச் சட்டங்களும் கிடைத்தால் இரண்டையும் ஒரே உறையில் போடுங்கள்.

நாயுருவி இருந்தால் கதிரைக் கீழிருந்து மேலாக ஒரு முறையும் மேலிருந்து கீழாக ஒரு முறையும் விரலால் உருவிப் பாருங்கள். முற்றிய காய்கள் தண்டோடு சேர்ந்து கீழ்நோக்கிப் படிந்திருக்கும், முள் நுனியும் கீழ்நோக்கியே இருக்கும். மேலாக உருவும்போதுதான் கை நிறைய வரும். சிறுபுள்ளடியின் கண்ணிகளில் முள்ளே தெரியாது, தொட்டால் பசை மாதிரி ஒட்டும். கைக்கண்ணாடியில் பார்த்தால் அது பசையல்ல, நுனி வளைந்த மயிர்.

துவாலையில் எதுவும் ஒட்டவில்லை என்றால் காய் முற்றவில்லை, அல்லது புல் ஈரமாக இருக்கிறது. ஜீன்ஸ் துணியில் செய்து பார்த்து "இந்தச் செடி ஒட்டாது" என்று முடிவுக்கு வருபவர்களும் உண்டு. ஜீன்ஸின் இறுக்கமான நெசவில் கெமுன்சுப் தவிர மற்றவை சறுக்கிவிடும். மாட்டின் மயிருக்கும் நாயின் மயிருக்கும் பூத்துவாலைதான் பக்கம்.

பஞ்சு எவ்வளவு தூரம் போகும்?

இதற்கு வெட்டுக்காயப் பூண்டு, பூவாங்குருந்தல், முயல்செவி, லாலாங் ஆகிய நான்கும் ஏற்றவை. முதல் மூன்றிலும் பூத்தலை விரிந்து வெள்ளைக் குஞ்சமாக நிற்கும் நேரத்தில் பறியுங்கள்.

செய்முறை எளிது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, சுவரில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒரு குறி போடுங்கள். நாற்காலியில் ஏறி அங்கிருந்து விதையை இடுக்கியால் பிடித்து விடுங்கள், கீழே ஒருவர் நேரம் பார்க்கட்டும். ஒரு செடிக்குப் பத்து விதை. சராசரி எடுத்து, 2 மீட்டரை அந்த நொடிகளால் வகுத்தால் விழும் வேகம் வரும். கையால் எடுக்கக் கூடாது, விரல் வியர்வை பட்டதும் பஞ்சு ஒடுங்கும். முகத்தை அருகில் கொண்டுபோய் மூச்சு விட்டாலும் கணக்கு கெடும்.

அடுத்தது கணக்கு. ஒரு விதை 2 மீட்டரை 4 நொடியில் இறங்கினால் வேகம் நொடிக்கு அரை மீட்டர். செடி நிற்பது 30 செ.மீ. உயரத்தில். அங்கிருந்து தரையைத் தொட 0.6 நொடி போதும். முகத்தில் காற்று படுகிறது, இலை லேசாகச் சலசலக்கிறது என்றால் காற்றின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். 0.6 நொடியில் விதை போகக்கூடியது 1.2 மீட்டர். அவ்வளவுதான்! தாய்ச்செடியிலிருந்து இரண்டு எட்டு.

அப்படியானால் பஞ்சு எதற்கு? மேல்நோக்கி எழும் காற்றுக்கு. பத்து, பதினொரு மணி வெயிலில் சூடான தார்ச்சாலையிலிருந்தும் சிமெண்ட் தரையிலிருந்தும் காற்று கிளம்பி மேலே போகும். அது நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் விதை இறங்காது, ஏறும். அந்த ஒரு சிலவற்றின் பயணத்துக்கு எல்லை சொல்ல முடியாது. மற்றவை அம்மாவின் மடியிலேயே விழும். திடலில் இதைப் பார்க்க, சாலையை ஒட்டிய ஓரத்தில் ஒருமுறையும் நிழலான ஓரத்தில் ஒருமுறையும் பத்துப் பத்து விதையை ஒரே உயரத்திலிருந்து விட்டு, எத்தனை உங்கள் தலைக்கு மேல் போகின்றன என்று எண்ணுங்கள்.

லாலாங்குக்குத் தனி எச்சரிக்கை உண்டு. வெள்ளைக் கதிர் அலையலையாகப் பறப்பதைப் பார்த்து அதன் விதை ஊரெங்கும் போகிறது என்று எண்ணிவிட வேண்டாம். பஞ்சு நடுவே இருக்கும் உமியை விரல் நகங்களுக்கிடையே வைத்து நசுக்குங்கள். கடினமான சின்ன மணி தட்டுப்பட்டால் விதை, தட்டையாக நசுங்கினால் பதர். ஒரு கதிரில் ஐம்பதைச் சோதித்தால் பெரும்பாலும் பதராகவே இருக்கக் கூடும். காரணம், லாலாங் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரு மனை முழுக்கப் பரவி நிற்பது பல நேரம் ஒரே கிழங்கிலிருந்து கிளைத்த ஒரே செடி. பக்கத்தில் வேறொரு லாலாங் இல்லையென்றால் மணி பிடிக்காது. பஞ்சு மட்டும் ஊர் சுற்றும், செடி மண்ணுக்கடியில் தண்டோடிக்கொண்டே இருக்கும். லாலாங் வளர்ந்த மனைக்குத் தீ வைப்பதும் அதற்குச் சாதகம்தான். மண்ணுக்கடியில் இருக்கும் தண்டு வேகாது, தீ பட்ட பிறகு கதிர் தள்ளும்.

வெடிப்பவை

பட்டாசுக்காய் என்று சிறுவர்கள் எச்சில் தொட்டு வெடிக்க விடும் ஊதாப்பூச் செடி, ருவெல்லியா. காய்ந்து பழுப்பான, 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேற்பட்ட, இன்னும் திறக்காத காய்களாகப் பார்த்து எடுங்கள். தரையில் வெள்ளைத் துணியை விரித்து நடுவே ஒரு கிண்ணத்தில் ஒரு விரல் உயரத் தண்ணீர் வையுங்கள். காயைப் போட்டுவிட்டு முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். சில நொடிகளில் நுனியைப் பிணைக்கும் பகுதி நனைந்து நெகிழும், இரு பாதிகளும் தெறித்து விரியும். கண்ணாடி அணியாதவர் கிட்டே நிற்க வேண்டாம்.

விதை விழுந்த இடத்தையெல்லாம் அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். விதை தட்டையான சிறு வட்டு. உள்ளே அதற்கென்று ஒரு கொக்கி இருக்கும், அதுதான் உந்தித் தள்ளுகிறது. இதே பேரினத்தின் இன்னொரு செடியான ருவெல்லியா சிலியாட்டிஃப்ளோராவை அதிவேகக் கேமராவில் பிடித்தபோது, விதை நொடிக்கு 1600 சுற்றுக்கு மேல் சுழன்றபடி 7 மீட்டர் வரை போவது தெரிந்தது. சுழற்சி விதையை நிலையாகப் பிடித்துக்கொள்வதால் காற்றின் தடை குறைகிறது. விழுந்த விதை ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கைக்கண்ணாடியில் பாருங்கள். ஓரத்து மயிரெல்லாம் எழுந்து வழவழப்பான கூழாக மாறி விதையை மண்ணோடு ஒட்டவைக்கும். மழையில் வெடித்து, அதே மழையில் ஒட்டிக்கொள்கிறது.

காய் வெடிக்காமல் மிதந்தால் அது பச்சை, அல்லது ஏற்கனவே விரிசல் விட்டது.

தோட்டங்களில் இஸ்ரேல் புல் என்று சொல்லும் அசிஸ்டாசியாவுக்கு இதற்கு நேர்மாறான பழக்கம். அது காய்ந்தால் வெடிக்கும். ஒரு காயில் நான்கு விதைதான். பழுப்பேறத் தொடங்கிய காம்புகளை வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தால் 'டிக்' என்று கேட்கும். காகித உறைக்குள் போட்டுவைத்தால் இரவெல்லாம் உறைக்குள்ளேயே வெடித்துக்கொண்டிருக்கும்.

புளியாரையில் வெடிப்பது காயல்ல. நிமிர்ந்து நிற்கும் முற்றிய காயை இரு விரலால் லேசாக அழுத்துங்கள். ஒவ்வொரு விதையையும் மூடியிருக்கும் வெள்ளைத் தோல் உள்வெளியாகப் பிதுங்கி, விதையைக் காயின் பிளவு வழியே எறியும். காய் அப்படியே இருக்கும். பூந்தொட்டிகளில் புளியாரை ஒழியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். களை பிடுங்கக் கை வைத்தாலே விதைத்துவிடுகிறோம்.

எறும்பு

டர்னெரா காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடும் பூ. வேலியோரத்தில் நட்டது திடலுக்குத் தப்பி வந்திருக்கும். மூன்றாகப் பிளக்கத் தொடங்கிய காயிலிருந்து இருபது விதை எடுங்கள். ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வுதான் எறும்புக்கான கூலி. பத்து விதையில் அதை இடுக்கியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இரண்டு சிறு அட்டைகளில் பத்துப் பத்தாக வைத்து, எறும்புச் சாரியிலிருந்து ஒரு சாண் தள்ளி, அருகருகே வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை மீதி என்று எழுதிக்கொண்டே ஒரு மணி நேரம் பாருங்கள்.

சவ்வுள்ளவை முதலில் போனால் சோதனை தேறியது. எறும்பு புற்றில் சவ்வைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையோடு வெளியே போடும். அந்தக் குப்பைக் குவியலைத் தேடிப் பிடித்தால் மொட்டை விதைகளைக் காணலாம். இரண்டு அட்டையும் அப்படியே இருந்தால் விதை பழையது, சவ்வு காய்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகவே காலியானால் விதையையே உணவாகத் தின்னும் எறும்பு வந்திருக்கலாம். வேறு சாரியில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை, பிஸ்கட் தூள் எதையும் பக்கத்தில் சிந்தக் கூடாது.

பறவைகளைப் பற்றி ஒரே ஒரு திருத்தம். புல் கதிரில் கூட்டமாகத் தொங்கும் சில்லைகள் விதை பரப்புபவை அல்ல, அவை விதையை உடைத்துத் தின்பவை. செண்டுடோக், மணத்தக்காளி, சிறுபூனைக்காலி போன்ற சதைப்பழங்களை விழுங்கி விதையை முழுதாக வெளியேற்றுவது கொண்டைக்குருவி. அது உட்காரும் வேலியின் கீழே வெள்ளைத் துணி விரித்தால் ஊதாக் கறை சாட்சி சொல்லும். எச்சத்தைத் தொடக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும்.

சேறு, காலணி, புல் வெட்டும் இயந்திரம்

இதுவரை பார்த்த எல்லாவற்றையும்விட நம் திடல்களில் அதிகம் நடப்பது இது, ஆனால் யாரும் சோதிப்பதில்லை. காரணம், கண்ணுக்கு எதுவும் தெரியாது. தேப்பைராகிப் புல்லின் விதைக்குப் பஞ்சு, கொக்கி, சவ்வு எதுவும் இல்லை. ஆனாலும் கார் நிறுத்துமிடத்தின் ஒவ்வொரு விரிசலிலும் அதுதான் நிற்கிறது.

மழை பெய்த மறுநாள் திடலைச் சுற்றி நடந்துவிட்டு, காலணியின் அடியில் ஒட்டிய சேற்றைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். இரண்டு தட்டுகளில் 3 செ.மீ. உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள் நிரப்புங்கள். தோட்ட மண் வேண்டாம், அதிலேயே களை விதை இருக்கும். ஒரு தட்டில் சேற்றைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய படலமாக ஊற்றுங்கள். கனமாகப் போட்டால் அடியில் உள்ளவை முளைக்காது. இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டையும் ஒரே இடத்தில், மழை படாமல், வெளிச்சம் படும்படி வையுங்கள். வெறுந்தட்டு கட்டாயம் வேண்டும். காற்றில் வரும் விதை அதிலும் விழும், அதில் முளைப்பதைக் கழித்துத்தான் சேற்றுக் கணக்கைச் சொல்ல முடியும்.

தட்டின் அடியில் துளை இருக்கட்டும், நீர் தேங்கும் தாங்குதட்டு வைக்காதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும், அபராதத்துக்கும் அது போதும். நான்கு வாரம் வரை வாரம் இருமுறை எண்ணி, எண்ணியதைப் பிடுங்கிவிடுங்கள். அடையாளம் தெரியாததைத் தனித் தொட்டியில் நட்டு, பூக்கும் வரை விடுங்கள். தொட்டாற்சிணுங்கி முளைக்கவில்லை என்றால் சேற்றில் அது இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அதன் விதைத்தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. துவாலையில் கிடைத்த விதைகளில் பாதியை உப்புத்தாளில் மினுமினுப்பு போகும் வரை தேய்த்து, மீதியைத் தேய்க்காமல் ஊன்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இயந்திரத்தைச் சோதிப்பதும் இதே முறைதான். வெட்டி முடித்து அணைத்த பின், வெட்டுபவரின் அனுமதியோடு, தகட்டு மூடியின் உட்புறம் அப்பியிருக்கும் பச்சைக் குழம்பில் ஒரு கைப்பிடி எடுத்து மூன்றாவது தட்டில் கரையுங்கள். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் போகவே கூடாது, கல் தெறிக்கும். ஐரோப்பிய வைக்கோல் புல்வெளிகளிலும் விதைகளைத் தூரம் கொண்டு சேர்ப்பதில் அறுக்கும் இயந்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கே ஒரே லாரியில் ஏறும் ஒரே இயந்திரம் காலையில் ஒரு தாமான், மாலையில் இன்னொரு தாமான் என்று போகிறது. இரண்டு தாமானின் திடலிலும் ஒரே செடி வரிசை இருந்தால் காற்றைக் குறை சொல்வதற்கு முன் அந்த மூடியைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் துவாலை, காலுறை, காலணி மூன்றையும் திடலிலேயே உதறிவிட்டு வாருங்கள், வீட்டு வாசலில் வேண்டாம். மீந்த விதையையும் தட்டில் முளைத்தவற்றையும் வாளியில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, ஆறியதும் கட்டிக் குப்பையில் போடுங்கள். தேய்த்த தொட்டாற்சிணுங்கி விதையை மட்டும் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது பூந்தொட்டிக்குள் போய்விட்டால் ஒரு மாதத்தில் கையைக் குத்தும்.